பேசக் கற்பித்த ஆசான் கிரகாம் பெல்

தொலைபேசியைக் கண்டறிந்தவர் என்றே அலெக்சாண்டர் கிரகாம் பெல்லை நாம் அறிவோம். அவரோ தம்மைச் செவிப்புலனற்றோரின் ஆசிரியர் என்றே கருதினார். இன்று பேச்சுச் சிகிச்சை எனப்படும் துறையின் முன்னோடிகளுள் அவரும் ஒருவர். ரொறன்ரோவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பிரான்ற்போர்ட்டில் அவரது குடும்பம் வாழ்ந்த இல்லம் இன்றும் பேணப்படுகின்றது.

1847 மார்ச் 3 இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் பெல் பிறந்தார். தாயார் எலைசா செவிப்புலன் குன்றியவர். மகன் அவரது நெற்றியருகே தாழ்ந்த குரலிற் பேசுவார், விரலெழுத்துகளாலும் உரையாடுவார். தந்தையார் மெல்வில் பேச்சுக்கலை ஆசான். நாவும் இதழும் மிடறும் எவ்வாறு அமைய எவ்வொலி பிறக்கும் என்பதைக் குறியீடுகளாக்கி 1867 இல் நூலாக வெளியிட்டார். தொல்காப்பியத்தின் பிறப்பியலைக் கற்ற நமக்கு இச்சிந்தனை புதிதன்று.

உடன்பிறந்தோர் இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்த பெல், 1870 இல் பெற்றோருடன் கனடாவுக்குப் புலம்பெயர்ந்தார். அயலிலிருந்த பூர்வகுடியினரின் மோஹோக் மொழியைக் கற்றுத் தந்தையாரின் குறியீடுகளில் எழுதினார். 1871 இல் பொஸ்ரன் சென்று, அக்குறியீடுகளைக் கொண்டு செவிப்புலனற்ற சிறார்க்குப் பேச்சுப் பயிற்றினார். தம் மாணவியான மேபல் ஹபார்டையே 1877 இல் மணந்தார். ஒலியை ஆராய்ந்த அப்பணியே தொலைபேசிக்கும் வழிகோலியது. 1876 ஓகஸ்ட் 10 இல் பிரான்ற்போர்ட்டிலிருந்து பாரிஸ் என்னும் ஒன்ராறியோ ஊருக்குக் குரல் சென்றபோது, அதற்கான மின்கலம் ரொறன்ரோவில் இருந்தது.

எனினும், அவரது மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. செவிப்புலனற்றோர் வாயாற் பேசியே ஆகவேண்டும் என வற்புறுத்திய பெல், பாடசாலைகளிற் சைகை மொழியை எதிர்த்தார். அவர்கள் தமக்குள் மணம் புரிவதால் செவிப்புலனற்ற இனமொன்று உருவாகுமென 1883 இல் எச்சரித்தார். சைகை மொழியை வகுப்பறையிலிருந்து விலக்க 1880 இல் மிலான் மாநாடு தீர்மானித்திருந்தது. பல தலைமுறைச் சிறார் தம் இயல்பான மொழியை இழந்தனர்.

பெல் 1922 ஓகஸ்ட் 2 இல் நோவா ஸ்கோஷியாவில் மறைந்தார். 1993 இல் ஒன்ராறியோ சைகை மொழியைப் பயிற்று மொழியாக ஏற்றது. மிலான் தீர்மானங்களை 2010 இல் வன்கூவர் மாநாடு நிராகரித்தது.

மொழி பறிக்கப்படுவதன் வலியை நாம் அறிவோம். நம் பிள்ளையொன்று பேசத் தாமதித்தால், வீட்டிலே தமிழ் பேசுவதுதான் காரணம் என்று எண்ணி அதைக் கைவிடுவோரும் நம்மிடையே உளர். இருமொழிச் சூழல் பேச்சுக் குறைபாட்டை விளைவிப்பதில்லை என்பதே இன்றைய அறிவியலின் முடிவு. சிகிச்சையை நாடுவோம், மொழியைக் கைவிடோம். பெல்லின் பணியும் பிழையும் நமக்கு உணர்த்துவது இதுவே.