பறவைக்காக ஏரியைக் காத்த சலீம் அலி

மும்பை கோட்டைப் பகுதியில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் "ஹார்ன்பில் ஹவுஸ்" என்ற கட்டிடத்தைப் பார்த்திருப்பார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் அலுவலகம் அது. சங்கம் வேறு இடத்தில் இருந்த காலத்தில் ஒரு நாள், சுமார் 10 வயதுப் பையன் ஒருவன் செத்த குருவியுடன் அங்கே வந்தான். அவனே சுட்ட குருவி. கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவி என்று தெரியவேண்டும் அவனுக்கு. சங்கச் செயலாளர் மில்லார்டு என்ற வெள்ளைக்காரர் அவனைத் துரத்தவில்லை. பதம் செய்து வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்டினார்.

அந்தப் பையன்தான் சலீம் அலி.

வேலை போயிற்று

1896-ல் பம்பாயில் பிறந்த அவர், 3 வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தார். மாமா வீட்டில் வளர்ந்தார். பர்மாவில் வியாபாரம் செய்தார், நொடித்தது. பட்டம் இல்லை என்று அரசாங்க ஆராய்ச்சி வேலை கிடைக்கவில்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில் ஒரு வேலை கிடைத்தது. மேல்படிப்புக்கு ஜெர்மனி போய்த் திரும்பினால், அந்த வேலையும் போயிருந்தது! மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் தங்கி, தூக்கணாங்குருவி கூடு கட்டுவதை ஆராய்ந்தார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்த வேலையற்ற காலம்தான். 1941-ல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் புத்தகம் இன்றும் விற்கிறது.

4,273 பறவைகள்

ராஜஸ்தானில் பரத்பூர் மகாராஜாவுக்கு ஒரு சதுப்பு நிலம் இருந்தது. பெயர் கேவலாதேவ். வாய்க்கால் வெட்டித் தண்ணீர் தேக்கி, வாத்து வேட்டைக்கென்றே உண்டாக்கியது. 1938-ல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் சுட்டு வீழ்த்தப்பட்டவை 4,273! கணக்கைக் கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

சுதந்திரம் வந்ததும், தண்ணீரை வடித்து வயலாக்கித் தரும்படி சுற்றுவட்டார விவசாயிகள் கேட்டார்கள். நிலமில்லாதவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் தண்ணீர் வடிந்தால் சைபீரியாவிலிருந்து வரும் வெண்கொக்குக்குப் போக்கிடம் ஏது? சலீம் அலி பிரதமர் நேருவிடம் முறையிட்டார். 1956-ல் அது பறவைச் சரணாலயம் ஆயிற்று. மகாராஜாவின் வேட்டை உரிமை மட்டும் 1972 வரை நீடித்தது.

எருமை செய்த வேலை

பிறகு அது தேசியப் பூங்கா ஆனது. 1982-ல் ஆடு மாடு மேய்ப்பதற்குத் தடை போட்டார்கள். சலீம் அலியும் மேய்ச்சல் கூடாது என்ற கட்சியே. காலங்காலமாக எருமை ஓட்டி வந்த கிராமத்தார் கொதித்தெழுந்தனர். போலீஸ் சுட்டதில் உயிர்கள் பலியாயின.

அவருடைய சங்கமே அங்கு பல ஆண்டுகள் ஆராய்ச்சி நடத்தியது. அதன் முடிவு தடைக்கு எதிராக இருந்தது. எருமைகள் மேய்ந்த வரையில் தண்ணீர்ப் பரப்பு திறந்து கிடந்தது. அவை நின்றதும் புல் மண்டி நீரை மூடிவிட்டது. மீனுக்கும் வாத்துக்கும் இடமில்லை. சேற்றில் கிழங்கு தோண்டித் தின்னும் சைபீரியக் கொக்குக்கும் கஷ்டம். வழியெங்கும் வேட்டை வேறு. 2002-க்குப் பிறகு அந்தக் கொக்கு பரத்பூருக்கு வரவேயில்லை.

இதற்காக அவரைக் குறை சொல்வோர் உண்டு. ஆனால் அவர் தலையிடாமல் இருந்திருந்தால், ஆராய்ச்சி செய்ய அங்கே ஏரியே மிஞ்சியிருக்காது.

மேகமலை வௌவால்

கேரளத்தில் குந்திப்புழை ஆற்றுக்கு அணை கட்டி அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை மூழ்கடிக்க இருந்ததை எதிர்த்தவர்களிலும் அவர் ஒருவர். அரிதான சிங்கவால் குரங்கு வாழும் காடு அது. திட்டம் கைவிடப்பட்டு, 1984-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

1987-ல், 90 வயதில், பம்பாயிலேயே காலமானார். கோவை ஆனைகட்டியில் 1990-ல் தொடங்கிய பறவை ஆராய்ச்சி நிலையம் அவர் பெயரைத் தாங்கியது. அதற்கும் முன்பே நம் ஊரில் அவருக்கு இன்னொரு ஞாபகச் சின்னம் உண்டு. இன்றைய தேனி மாவட்டத்து மேகமலையில் 1948-ல் பிடிபட்ட பழந்தின்னி வௌவால் ஒன்று, வேறு இனம் என்ற சீட்டுடன் பம்பாய் சங்கத்தில் கிடந்தது. 1972-ல்தான் அது புதிய இனம் என்று தெரிந்தது. பறவைக்காரர் பெயரை வௌவாலுக்கு வைத்தார்கள்!