விடியற்காலை நான்கு மணிப் பயிற்சி

லெபோ பந்தாயில் கோபுரத்தோடு நிற்கும் பழைய தீயணைப்பு நிலையத்தை நம் மாணவர்கள் பலரும் பேருந்தில் கடந்திருப்போம். அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்பவரின் நினைவு வரும்.

1800இல் எடின்பரோ நகரில் பிறந்தவர். தந்தையாரின் தொழில் வழியே சுவரையும் உத்திரத்தையும் அறிந்தவர். 1824இல், தமது 24ஆம் வயதில், அந்நகரத் தீயணைப்புப் படைக்குத் தலைவரானார். ஆட்கள் முழுமையாகப் பழகுமுன்பே நவம்பரில் பெருந்தீ மூண்டது. பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு கட்டளையிட, யார் சொல்லைக் கேட்பதென்று படையினர் திகைத்தனர். நம் வயதொத்த ஓர் இளைஞர் அங்கே நின்ற நிலையை எண்ணிப் பாருங்கள்! அதன் பிறகே தீ நிகழுமிடத்தில் கட்டளை அதிகாரம் அவர் ஒருவருக்கே என்றானது.

அவருடைய ஆட்கள் பகுதிநேரத்தவர். கிடைத்ததோ வாரம் ஒரு பயிற்சி. எதை முதலில் கற்பிப்பது? கொத்தனார், தச்சர், கூரை வேய்பவர், குழாய்த் தொழிலாளி என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தார். கூரை வேய்பவருக்கு ஏறக் கற்பிக்க வேண்டியதில்லை. எந்தத் தளம் தாங்கும் என்பது தச்சருக்கே தெரியும். ஆகவே அவர்கள் அறியாதவற்றுக்கே நேரத்தைச் செலவிட்டார்: நீர்க்குழாய்களை விரைந்து இணைப்பது, புகைக்கடியில் தவழ்ந்து தீயின் மூலத்தை நெருங்குவது, எவரும் தனியே உள்ளே போகாதிருப்பது. பயிற்சி விடியற்காலை நான்கு மணிக்கு. பிழைப்பும் கெடாது, வேடிக்கைக் கூட்டமும் சேராது, இருட்டும் பழகிவிடும். இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. 1830இல் இவற்றையெல்லாம் நூலாகவும் எழுதினார்.

1833இல் லண்டன் அவரை அழைத்துக்கொண்டது. மறு ஆண்டு நாடாளுமன்றம் எரிந்தபோது, பழம்பெரும் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தை அவர் படை காத்தது.

தடுப்பின்றிப் பெருகிவந்த சரக்குக் கிடங்குகளைப் பற்றி அவர் எச்சரித்து வந்தார். 22 ஜூன் 1861 அன்று டூலி தெருக் கிடங்குகள் பற்றிக்கொண்டன. தீயைத் தடுக்க வைத்த இரும்புக் கதவுகள் திறந்தே கிடந்தன. களைத்த வீரர்களை ஊக்கப்படுத்திக்கொண்டிருந்த அவர் மீது சுவர் சரிந்தது. தீயை நெருங்கும் அவர் முறையே அவரைக் கொன்றது என்பாரும் இருக்கலாம். நான் அந்தக் கதவுகளையே குறை சொல்வேன்.

ஜோர்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரான அதே 2008இல் எடின்பரோவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். இங்கோ, மரத்தளங்களோடு தோளுரசி நிற்கும் நம் கடைவீடுகளில் பல, பின்கதவை அடைத்துச் சரக்கு அடுக்கியிருக்கின்றன.