வெள்ளுடை வேந்தரும் ஓரணாச் சாப்பாடும்

பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியை அறியாத வடசென்னை மாணவர் இலர். அப்பெயருக்குரிய பிட்டி தியாகராயர் 1852இல் நெசவுத் தொழிற் குடும்பத்தில் பிறந்தவர். நீதிக் கட்சியை நிறுவியோருள் ஒருவர். தேடி வந்த முதலமைச்சர் பதவியை மறுத்தவர். இவை யாவரும் அறிந்தவை. அவர் போட்ட சோறுதான் பலர் அறியாதது.

மாநகராட்சிப் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் நிலைத்துப் படிக்கவில்லை. வளரும் உடலுக்கு மாவுச்சத்தும் புரதமும் இரும்புச்சத்தும் வேண்டும். பட்டினி கிடக்கும் பிள்ளைக்குப் பாடத்தில் கவனம் நிற்குமா? மாநகராட்சித் தலைவராயிருந்த தியாகராயர், 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தீர்மானம் நிறைவேற்றினார். செலவு, பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல். பின்னர் மேலும் நான்கு பள்ளிகள் சேர்ந்தன. 1922-23இல் 811 பேர் படித்த அந்த ஐந்து பள்ளிகளில் 1924-25இல் 1,671 பேர்! இதைவிட வேறு சான்று எதற்கு?

ஆங்கில அரசுக்கு அது போதவில்லை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடலாகாது என்றது. கணக்குப் புத்தகத்தில் கல்வி வேறு, பசி வேறு போலும்! 1925 ஏப்ரல் முதல் நாள் அடுப்பு அணைந்தது. அதே ஆண்டில் தியாகராயரும் மறைந்தார்.

காமராசர் மதிய உணவைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றது 1956இல்; இடையில் கழிந்தவை முப்பத்தோர் ஆண்டுகள்.