குளோரினுக்கு மட்டும் ஏன் 35.5? நூறு வருடப் புதிரை உடைத்த ஆஸ்டனின் கதை

பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி ஞாபகம் இருக்கிறதா? அணுவின் எடை என்பது கிட்டத்தட்ட அதிலுள்ள புரோட்டான், நியூட்ரான்களின் எண்ணிக்கைதான். அரை நியூட்ரான் என்று ஒன்று கிடையாது. அப்படீன்னா, தனிம வரிசை அட்டவணையில் குளோரினுக்கு 35.5 என்று போட்டிருக்கிறார்களே, அந்த 0.5 எங்கிருந்து வந்தது?

எல்லா அணுக்களின் எடையும் ஹைட்ரஜனின் முழு மடங்காகத்தான் இருக்கும் என்று 1815-லேயே ஊகித்தார் லண்டன் மருத்துவர் வில்லியம் ப்ரவுட். ஆனால், எத்தனை முறை துல்லியமாக எடைபோட்டாலும் குளோரின் 35.5-க்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. ப்ரவுட்டின் ஊகம் ஓரங்கட்டப்பட்டது. நூறு ஆண்டுகள் கழித்து விடை சொன்னவர், ஃபிரான்சிஸ் வில்லியம் ஆஸ்டன்.

யார் இந்த ஆஸ்டன்?

1877 செப்டம்பர் 1-ல், இங்கிலாந்தின் பர்மிங்காம் பகுதியில் உள்ள ஹார்போர்னில் பிறந்தவர். வேதியியல் படித்துவிட்டு மூன்று ஆண்டுகள் பீர் ஆலையில் கெமிஸ்ட்டாக வேலை பார்த்தார். கண்ணாடியை ஊதி ஆய்வுக் கருவிகள் செய்வதில் கில்லாடி. அந்தக் கைத்திறனோடு 1910 வாக்கில் கேம்பிரிட்ஜ் சென்று, எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே.தாம்சனின் உதவியாளரானார்.

நியான் போட்ட புதிர்

இருவரும் நியான் வாயுவை ஆராய்ந்தபோது, போட்டோ தகட்டில் இரண்டு கோடுகள் விழுந்தன. ஒன்று எடை 20-க்கு, இன்னொன்று மங்கலாக 22-க்கு. ஒரே தனிமத்தில் இரண்டு எடைகளா?

அது ஹைட்ரஜன் சேர்ந்த ஏதோ ஒரு கூட்டுப்பொருளாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார் தாம்சன். கதிரியக்கத் தனிமங்களில் ஒரே வேதிக்குணமும் வேறு வேறு எடையும் கொண்ட அணுக்கள் உண்டு என்று சொல்லி, அவற்றுக்கு 'ஐசோடோப்' என்று 1913-ல் பெயர் வைத்திருந்தார் ஃப்ரெடெரிக் சாடி. சாதாரண நியானிலும் அப்படி இருக்குமா?

இரண்டு வகையையும் பிரித்துக் காட்ட, நுண்துளைக் களிமண் குழாய்கள் வழியே நியானைத் திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்த்தார் ஆஸ்டன். கிடைத்த வித்தியாசமோ மிகக் குறைவு. அதற்குள் முதல் உலகப் போர் வந்துவிட்டது. ஃபார்ன்பரோ விமானத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டார்.

1919: விடை கிடைத்தது

போர் முடிந்து கேம்பிரிட்ஜ் திரும்பியவர், 'மாஸ் ஸ்பெக்ட்ரோகிராஃப்' என்ற கருவியைச் செய்தார். தத்துவம் சிம்பிள். பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது டென்னிஸ் பந்து அதிகம் விலகும், கிரிக்கெட் பந்து குறைவாக விலகும். அதேபோல மின்னேற்றம் பெற்ற அணுக்களை மின்புலம், காந்தப்புலம் வழியே செலுத்தினால், எடைக்கு ஏற்ப அவை வெவ்வேறு இடங்களில் போய் விழும்.

நியானில் இரண்டு வகை அணுக்கள் இருப்பது உறுதியானது. குளோரினைச் சோதித்தபோது 35-ல் ஒரு கோடு, 37-ல் ஒரு கோடு. 35.5-ல் ஒன்றுமே இல்லை!

கணக்கு இதுதான்: நான்கு குளோரின் அணுக்களை எடுத்தால், சுமார் மூன்று 35 எடை கொண்டவை, ஒன்று 37. மொத்தம் 142. நான்கால் வகுத்தால் 35.5. அதாவது அட்டவணையில் இருப்பது சராசரி. அந்த எடையில் ஒரு குளோரின் அணுகூட உலகத்தில் கிடையாது. ஒரு சிட்டிகைப் பொருளில்கூட கோடானுகோடி அணுக்கள் இருப்பதால், தராசு காட்டியது எப்போதுமே சராசரியைத்தான்.

சின்ன மிச்சம், பெரிய ரகசியம்

1922-ல் வேதியியல் நோபல் பரிசு தேடி வந்தது. இயற்கையில் உள்ள ஐசோடோப்புகளில் 212-ஐ அடையாளம் கண்டவர் ஆஸ்டன்தான்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். ஹைட்ரஜனின் எடை சரியாக 1 அல்ல, 1.008. நான்கு ஹைட்ரஜன் சேர்ந்தால் 4.032 வர வேண்டும். ஹீலியமோ கிட்டத்தட்ட 4 தான். குறைந்த எடை ஆற்றலாக மாறுகிறது. சூரியன் எரிவது இதனால்தான் இருக்கும் என்று 1920-ல் சொன்னார் ஆர்தர் எடிங்டன். இந்த ஆற்றல் கைமீறிப் போகலாம் என்று நோபல் உரையிலேயே எச்சரித்தார் ஆஸ்டன்.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா மீது விழுந்த குண்டில் இருந்தது யுரேனியம்-235 ஐசோடோப். அதைப் பிரித்தெடுத்த முறைகளில் ஒன்று, அணுக்களைக் காந்தப்புலத்தில் வளைக்கும் அதே தத்துவம். அந்த ஆண்டு நவம்பர் 20-ல் ஆஸ்டன் காலமானார்.

கீழடியில் கிடைத்த கரித்துண்டின் வயதைக் கண்டுபிடித்ததும் அவர் கருவியின் வாரிசுதான். அதில் எண்ணப்பட்டது, கார்பன்-14 என்ற ஐசோடோப்.