அந்தோணி ஈடனை விடாமல் துரத்திய வயிற்று வலி

1956-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 5-ந் தேதி. வெள்ளிக்கிழமை.

லண்டன் நகரில் உள்ள ஓர் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் வந்தார். அங்கே சிகிச்சை பெற்று வந்த தம் மனைவியைப் பார்க்க வந்தார். உயரமான மனிதர். அழகான மீசை. மடிப்புக் கலையாத உடை.

மனைவியைப் பார்க்க வந்த இடத்தில் திடீரென்று அவர் உடம்பு நடுங்கியது. குளிர் தாங்க முடியவில்லை. டாக்டர்கள் ஓடி வந்து காய்ச்சலை அளந்தார்கள்.

106 டிகிரி!

நோயாளியைப் பார்க்க வந்தவர், அதே ஆஸ்பத்திரியில் நோயாளியாகப் படுத்துவிட்டார். அவர்தான் இங்கிலாந்தின் பிரதம மந்திரி அந்தோணி ஈடன்.

அந்தக் காய்ச்சல் அவருக்குப் புதிது அல்ல. மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய பித்தப்பையை டாக்டர்கள் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். அதோடு நோய் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் வலியும் காய்ச்சலும் மீண்டும் மீண்டும் வந்தன. அது ஏன்?

போர்க்களத்தில்

ஈடன் 1897-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி பிறந்தார். செல்வக் குடும்பம்.

முதல் உலகப்போர் மூண்டது. ஈடன் பட்டாளத்தில் சேர்ந்தார். வீரத்துக்காகப் பதக்கம் பெற்றார். ஆனால் அவருடைய சகோதரர்கள் இருவர் அந்தப் போரில் மாண்டார்கள். இளையவருக்கு வயது 16.

போர் முடிந்ததும் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பாரசீக மொழியும் அரபு மொழியும் படித்தார். முதல் வகுப்பில் தேறினார். 1923-ல் பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார். 38-வது வயதில் வெளிநாட்டு மந்திரி!

1938-ல் பிரதம மந்திரி சேம்பர்லினுடன் கருத்து வேற்றுமை ஏற்பட்டது. ஈடன் பதவியைத் தூக்கி எறிந்தார். 1940-ல் சர்ச்சிலின் மந்திரி சபையில் மறுபடியும் வெளிநாட்டு மந்திரி ஆனார். சர்ச்சிலுக்குப் பிறகு ஈடன்தான் என்று நாடே பேசியது.

1945-ல் பேரிடி விழுந்தது. விமானப்படையில் இருந்த அவருடைய மூத்த மகன் சைமன் பர்மாவில் இறந்தார். ஈடன் துயரத்தை மனதில் அடக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

பித்தப்பையில் கல்

ஈடனுக்கு வயிற்று வலி அடிக்கடி வந்தது. சோதித்துப் பார்த்ததில், பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்தது.

நமது ஈரலில் பித்தநீர் ஊறுகிறது. கொழுப்புச் சத்து ஜீரணிக்க அது உதவுகிறது. ஈரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பைதான் பித்தப்பை. பித்தநீரைச் சேர்த்து வைப்பது அதன் வேலை. ஈரலில் இருந்து குடலுக்குப் பித்தநீர் போவதற்கு ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது.

பித்தப்பை இல்லாமல் மனிதன் வாழலாம். அந்தக் குழாய் அடைபட்டால் வாழ முடியாது.

ஆபரேஷனுக்குத் தேர்ந்த நிபுணர்கள் சிலரின் பெயரை ஈடனின் டாக்டர் சொன்னார். ஈடன் ஏற்கவில்லை. முன்பு தமக்குக் குடல்வால் ஆபரேஷன் செய்த டாக்டரே போதும் என்று சொல்லிவிட்டார்.

1953-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி லண்டனில் ஆபரேஷன் நடந்தது. பித்தப்பை வெளியே வந்தது. ஆனால் பித்தநீர்க் குழாய் சேதம் அடைந்துவிட்டது.

காய்ச்சல் அடித்தது. உடம்பு மஞ்சள் பூத்தது. பித்தநீர் கசிந்தது. ஏப்ரல் 29-ந் தேதி மீண்டும் வயிற்றைத் திறந்தார்கள். ஈடன் மரணத்தின் வாசல் வரை போய்த் திரும்பினார். குழாயோ சரியாகவில்லை.

அமெரிக்காவில் ஆபரேஷன்

பித்தநீர்க் குழாயைச் செப்பனிடுவதில் வல்லவர் ஒருவர் அப்போது இருந்தார். அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் ரிச்சர்டு கட்டெல். அவர் அந்தச் சமயம் லண்டனுக்கு வந்திருந்தார். அவரிடம் யோசனை கேட்டார்கள். பாஸ்டன் நகருக்கு வந்தால் ஆபரேஷன் செய்வதாக அவர் சொன்னார்.

ஈடன் அமெரிக்கா போனார். ஜூன் 10-ந் தேதி மூன்றாவது ஆபரேஷன். சேதமான குழாயின் மேல்பகுதியைச் சிறுகுடலோடு நேராக இணைத்தார் கட்டெல். ஈடன் பிழைத்தார்.

அவர் பாஸ்டனில் படுத்திருந்தபோது லண்டனில் ஒரு சம்பவம் நடந்தது. ஜூன் 23-ந் தேதி பிரதம மந்திரி சர்ச்சிலைப் பக்கவாதம் தாக்கியது. அப்போது அவருக்கு வயது 78. விஷயத்தை மக்களுக்குச் சொல்லாமல் மறைத்தார்கள். வாரிசாக வர வேண்டியவரோ கடலுக்கு அப்பால் படுக்கையில் கிடந்தார். சர்ச்சில் தேறி மீண்டும் வேலையைத் தொடங்கினார். ஈடன் இன்னும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பதவியும் பிணியும்

1955-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி ஈடன் பிரதம மந்திரி ஆனார். பதவி கைக்கு வந்தது. ஆனால் உடம்பு பழைய உடம்பாக இல்லை.

வாய்க்கால் குறுகினால் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் கெடும். ஈடனின் வயிற்றுக்குள் நடந்ததும் அதுதான். ஒட்டுப்போட்ட இடம் சுருங்கும்போது பித்தநீர் தேங்கும். குடலில் உள்ள கிருமிகள் மேலே ஏறும். உடனே வலி, குளிர் காய்ச்சல்.

1956-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி எகிப்தின் தலைவர் நாசர் சூயஸ் கால்வாய்க் கம்பெனியை நாட்டுடைமை ஆக்கினார். ஈடன் கொதித்தார். பகலில் ஓயாத கூட்டங்கள். இரவில் ஓயாத டெலிபோன். தூங்குவதற்கு மாத்திரை, விழித்து வேலை செய்யவும் மாத்திரை!

அக்டோபர் 5-ந் தேதி 106 டிகிரி காய்ச்சல் வந்தது அப்போதுதான். சில நாட்களில் எழுந்து மறுபடி வேலைக்குப் போனார்.

அந்த மாதமே இங்கிலாந்து, பிரான்சு, இஸ்ரேல் ஆகிய மூன்று நாடுகளும் ரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டன. அக்டோபர் 29-ந் தேதி இஸ்ரேல் எகிப்து மீது படையெடுத்தது. பிறகு இங்கிலாந்தும் பிரான்சும் குண்டு வீசிப் படைகளை இறக்கின. உலகமே கண்டித்தது. அமெரிக்காவும் எதிர்த்தது. பவுன் நாணயத்தின் மதிப்பு ஆட்டம் கண்டது. நவம்பர் 6-ந் தேதி ஈடன் போரை நிறுத்த வேண்டியதாயிற்று.

அரபு மொழி படித்தவர். உலக விவகாரங்களில் கரை கண்டவர். அவர் ஏன் இப்படித் தவறினார்? நோயும் மருந்தும்தான் காரணம் என்று சிலர் எழுதினார்கள். நல்ல உடம்போடு இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார் என்று வேறு சிலர் எழுதினார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை.

இந்த வேலையைத் தொடர்ந்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். 1957-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி ஈடன் ராஜினாமா செய்தார். அவர் பிரதம மந்திரியாக இருந்த காலம் இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை.

மீண்டும் மீண்டும் கத்தி

காய்ச்சல் அவரை விடவில்லை. 1957 ஏப்ரலில் கட்டெல் மறுபடியும் ஆபரேஷன் செய்தார். 1970-ல் பாஸ்டனில் இன்னும் ஓர் ஆபரேஷன். மொத்தம் ஐந்து!

ஆனால் ஈடன் முடங்கிவிடவில்லை. தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1961-ல் பிரபு பட்டம் பெற்றார். மனைவி கிளாரிசா கடைசி வரை உடன் இருந்தார். 1977-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி ஈடன் காலமானார். அவர் உயிரைக் குடித்தது பித்தநீர்க் குழாய் அல்ல, புற்றுநோய். வயது 79.

1953-ல் சாவின் வாசலைப் பார்த்தவர், அதன்பின் 23 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். ஒவ்வொரு முறை காய்ச்சல் வந்தபோதும் காரணத்தைத் தேடிப் போய்ச் சிகிச்சை பெற்றதே அதற்குக் காரணம்.

பித்தப்பை ஆபரேஷன் இப்போது சிறு துளைகள் வழியே நடக்கிறது. பெரும்பாலோர் சில நாட்களில் வீடு திரும்பி நலமாக வாழ்கிறார்கள். ஈடனுக்கு வந்த கேடு மிகச் சிலருக்கே வருகிறது. குழாயில் கல் தங்கினாலும், குழாய் சுருங்கினாலும், பல சமயங்களில் வாய் வழியாகக் கருவியைச் செலுத்தியே சரி செய்துவிடுகிறார்கள்.

ஆனால் பித்தப்பையை எடுத்த பிறகும் வலி திரும்பி வந்தால், பைதான் போய்விட்டதே என்று சும்மா இருக்கக்கூடாது. வலியோடு குளிர் காய்ச்சலும் வந்து, கண்ணும் மஞ்சளானால், ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பை போனாலும், குழாய் இருக்கிறது!