அன்பின் மருத்துவர் ஐடா ஸ்கடர்

வங்காளம், அசாம், ஜார்க்கண்ட் முதலிய தொலைதூர மாநிலங்களிலிருந்து வரும் ரயில்கள் காட்பாடி நிலையத்தில் நிற்கும்போது, நோயாளிகள் பலர் உறவினர் துணையுடன் இறங்குவதைக் காணலாம். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ் அறியாதவர். ஆயினும் அருகிலுள்ள வேலூர் என்னும் ஊரின் பெயரை அவர்கள் நன்கு அறிவர். அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றால் நோய் தீரும் என்னும் நம்பிக்கையே அவர்களை அவ்வளவு தொலைவு அழைத்து வருகிறது. இன்று பல ஆயிரம் பேர் பணியாற்றும் அந்த மருத்துவமனை, ஒரு காலத்தில் ஒரு வீட்டின் சிறிய அறையில், ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கியது. அதனைத் தொடங்கியவர் ஐடா ஸ்கடர் என்னும் பெண்மணி.

இளமைக் காலம்

ஐடா, 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். ஐந்து ஆண்மக்களுக்குப் பின் பிறந்த ஒரே பெண் அவர். அவருடைய பாட்டனார் அமெரிக்காவிலிருந்து வந்து, யாழ்ப்பாணத்திலும் பின்னர் சென்னையிலும் சமயப் பணியோடு மருத்துவப் பணியும் ஆற்றியவர். தந்தையாரான ஜான் ஸ்கடரும் மருத்துவரே. அக்குடும்பத்தில் பிறந்தோர் இந்தியாவில் தொண்டாற்றுவது வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

ஆனால் சிறுமி ஐடாவுக்கு அவ்வழக்கத்தின்மீது விருப்பம் உண்டாகவில்லை. அவருக்கு ஏறத்தாழ ஆறு வயது நிரம்பியபோது, தமிழகத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் எண்ணற்ற மக்கள் மாண்டனர். எலும்பும் தோலுமாக வந்து நின்ற குழந்தைகளுக்கு ஐடா தம் சிறு கைகளால் ரொட்டித் துண்டுகளை ஊட்டினார். பலருக்கு உண்ணும் வலிமையும் இல்லை. அக்காட்சிகள் அவர் உள்ளத்தில் இரக்கத்தைவிட அச்சத்தையே மிகுதியாக விதைத்தன. பின்னர்க் குடும்பம் அமெரிக்கா சென்றது. சில ஆண்டுகளில் பெற்றோர் மீண்டும் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, அவர் உறவினர் வீட்டில் விடப்பட்டார். பெற்றோரைப் பிரிந்த துயரும் பஞ்சத்தின் நினைவும் ஒன்றுசேர்ந்து, இந்தியாவில் ஒருபோதும் வாழ்வதில்லை என்னும் உறுதியை அவருக்குத் தந்தன.

துயரம் சூழ்ந்த ஓர் இரவு

1890ஆம் ஆண்டு, தாயார் நோயுற்றார் என்னும் செய்தி ஐடாவுக்கு எட்டியது. அப்போது பெற்றோர் திண்டிவனத்தில் வாழ்ந்தனர். தாயாரைப் பேணுவதற்காகச் சிறிது காலம் மட்டும் தங்கிவிட்டு, அமெரிக்காவுக்கே திரும்பிவிடலாம் என எண்ணி அவர் வந்து சேர்ந்தார்.

ஒருநாள் இரவு, ஐடா தம் அறையில் அமர்ந்திருந்தபோது வாயிலில் ஓர் அந்தணர் வந்து நின்றார். அவருடைய இளம் மனைவி பேறுகால வேதனையால் துடித்துக்கொண்டிருந்தாள். ஐடா உடனே வந்து உதவ வேண்டும் என அவர் வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தந்தையார் வந்து காப்பாற்றுவார் என்றும் ஐடா கூறினார். வேற்று ஆடவர் தம் மனைவியைத் தொடுவதை அவர் ஏற்கவில்லை. வாடிய முகத்துடன் திரும்பிச் சென்றார். சிறிது நேரத்தில் ஓர் இசுலாமியர் அதே வேண்டுதலுடன் வந்தார். அவரும் ஆண் மருத்துவரை ஏற்க மறுத்துச் சென்றார். மூன்றாவதாக இந்து சமயத்தைச் சார்ந்த மற்றொருவர் வந்தார். அவருடைய மனைவியின் நிலையும் அதுவே. அவருடைய விடையும் அதுவே.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. பொழுது புலர்ந்தபோது தெருவில் சாவுப்பறை ஒலித்தது. பணியாளரை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்னும் செய்தி வந்தது.

மூவரும் வெவ்வேறு வீடுகளைச் சேர்ந்தவர்கள்; வெவ்வேறு வழக்கங்களை உடையவர்கள். ஆனால் மூவரையும் கொன்ற குறை ஒன்றே. அவ்வூரில் பெண் மருத்துவர் ஒருவரும் இல்லை. அதே ஊரில் திறமை வாய்ந்த மருத்துவர் ஒருவர் இருந்தும் அப்பெண்களுக்குப் பயன்படவில்லை. தாம் அருகில் இருந்தும் தம்மால் உதவ இயலவில்லை. இந்த எண்ணம் ஐடாவின் நெஞ்சை அறுத்தது. அயலாரையும் தம்மைப் போலவே கருதி அன்பு செலுத்துமாறு இயேசுபிரான் கற்பித்த நெறியில் வளர்ந்தவர் அவர். அந்த அன்பு கண்ணீரோடு நின்றுவிட்டால், அடுத்த இரவிலும் இன்னொரு பெண் இறப்பாள் என்பதை அவர் உணர்ந்தார். மருத்துவம் கற்று, இந்தியப் பெண்களுக்காகத் திரும்பி வருவதென முடிவு செய்தார்.

கல்வியும் மீள்வரவும்

அக்காலத்தில் அமெரிக்காவிலும் பெண்கள் மருத்துவம் பயில்வது எளிதன்று. ஐடா 1895இல் பிலடெல்பியா நகரிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் நியூயார்க் நகரின் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதும் அங்கே சென்று பயின்று, 1899இல் பட்டம் பெற்றார். ஓர் இரவில் பிறந்த இரக்கம், பல ஆண்டுக் கல்வியால் தொழில் திறனாக மாறியது.

இந்தியாவுக்குப் புறப்படும் முன்னர், பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டுவதற்கு அவர் பொருள் திரட்டினார். செல் என்னும் வங்கியாளர், மறைந்த தம் மனைவி மேரி டேபரின் நினைவாகப் 10,000 டாலர் வழங்கினார். தோழி ஆனி ஹான்காக்குடன் கப்பலேறிய ஐடா, 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்தடைந்தார்.

தந்தையாரின் அருகிலிருந்து அனுபவம் பெறலாம் என அவர் எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் நிறைவேறவில்லை, அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். வழிகாட்டியை இழந்த இளம் மருத்துவரை மக்கள் உடனே நம்பவில்லை. ஐடா மனம் தளரவில்லை. வீட்டின் சிறிய அறையொன்றை மருந்தகமாக்கினார். வீட்டுப் பணியில் உதவிய சலோமி என்னும் பெண்ணுக்கு மருந்து கலக்கவும் நோயாளியைப் பேணவும் கற்றுக்கொடுத்துத் தம் துணையாக்கிக்கொண்டார். நாளடைவில் வாயிலில் கூட்டம் பெருகியது. இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 பேருக்கு அவர் மருத்துவம் செய்தார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் செல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

சாலையோர மருத்துவம்

மருத்துவமனை உயர்ந்து நின்றது. ஆனால் வண்டி கட்டி அங்கு வர இயலாத ஏழைகள் கிராமங்களில் துன்புற்றனர். வர இயலாதவர்களிடம் தாமே செல்வதென ஐடா தீர்மானித்தார். வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில், குறித்த நாளில், குறித்த மரங்களின் நிழலில் அவர் வண்டியை நிறுத்துவார். சிரங்கு, கண்நோய், புண், காய்ச்சல் எனப் பல பிணிகளுடன் மக்கள் அங்கே காத்திருப்பர். வெயிலோ மழையோ பாராமல் ஒவ்வொருவரையும் ஆராய்ந்து மருந்தளிப்பார். பெரிய நோய் உடையவர்களைத் தம்முடன் மருத்துவமனைக்கு அழைத்துவருவார். தொழுநோயாளிகளைக் கண்டு ஊர் ஒதுங்கிய அக்காலத்தில், அவர்களுடைய புண்களையும் கழுவிக் கட்டினார். பின்னாளில் மோட்டார் வண்டி கிடைத்தபோது, அதனை முன்பு கண்டிராத சிற்றூர் மக்கள் முதலில் அஞ்சினர். பிறகு அதன் ஒலிக்காகவே காத்திருந்தனர்.

ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள்

எத்துணை கடுமையாக உழைத்தாலும் ஒருவருக்கு இரு கைகளே உண்டு. வேலூரில் அவர் ஒரு பெண்ணைக் காக்கும் நேரத்தில், வேறோர் ஊரில் மற்றொரு பெண் உதவியின்றி இறந்துகொண்டிருப்பாள். இந்தியப் பெண்களே மருத்துவராகவும் செவிலியராகவும் ஆனால்தான் இத்துயர் தீரும் என அவர் தெளிந்தார். 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

மருத்துவம் பயிலப் பெண்கள் வரமாட்டார்கள் எனப் பலர் கருதினர். மூன்று விண்ணப்பம் வந்தாலே பெரிது என்றனர். வந்தவையோ 151. அவர்களுள் 17 பேர் சேர்க்கப்பட்டனர். ஆடவரே தடுமாறும் அரசுத் தேர்வில் பெண்கள் எவ்வாறு வெல்வர் என்னும் ஐயம் அடுத்து எழுந்தது. தேர்வெழுதிய மாணவியர் அனைவரும் வெற்றி பெற்று அந்த ஐயத்தைப் போக்கினர்.

ஐடா அவர்களுக்கு உடற்கூற்றியல் மட்டும் கற்பிக்கவில்லை. நோயாளியின் பெயரை அறிந்து பேசவும், ஏழைக்கும் செல்வர்க்கும் ஒரே பொறுமையுடன் விடை கூறவும் தம் நடத்தையாலேயே கற்பித்தார்.

முதுமையிலும் தளராத முயற்சி

1930களின் இறுதியில் புதிய சோதனை ஒன்று வந்தது. இனிப் பட்டயப் படிப்பு போதாது. மருத்துவக் கல்வி பல்கலைக்கழகப் பட்டப் படிப்பாக உயர வேண்டும் என அரசு விதித்தது. அதற்குப் புதிய கட்டடங்களும் ஆய்வகங்களும் தகுதி மிக்க பேராசிரியர்களும் தேவைப்பட்டன, பெரும்பொருளும் வேண்டியிருந்தது. இல்லையேல் பள்ளியை மூட நேரிடும். அப்போது ஐடாவின் வயது எழுபதை நெருங்கியிருந்தது. பிறர் ஓய்வை நாடும் அவ்வயதில் அவர் அமெரிக்கா சென்று, ஊர் ஊராகப் பயணம் செய்து உதவி வேண்டினார்.

அச்சமயம் மற்றொரு வினாவும் எழுந்தது. ஆண்களையும் மாணவராகச் சேர்த்துக்கொண்டால் பலருடைய ஆதரவு கிடைக்கும். ஆனால் பெண்களுக்காகவே தொடங்கிய நிறுவனம் அது. நெடுநாள் துணைநின்ற நண்பர்கள் சிலர் இம்மாற்றத்தை எதிர்த்தனர். ஐடாவுக்கும் இம்முடிவு எளிதாக இருக்கவில்லை. எனினும் தம் விருப்பத்தைவிட நோயாளிகளின் நலமே பெரிது எனக் கருதி அதனை ஏற்றார். 1942இல் கல்லூரி பட்டப் படிப்பைத் தொடங்கியது. 1947இல் ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர்.

ஐடா 1946இல் பொறுப்பிலிருந்து விலகினார். பின்னர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண் மருத்துவர் அந்நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். ஐடா நெடுங்காலம் விரும்பியது நிறைவேறியது. தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்யும் பெரும்பணி, அதன்பின் பால் பிராண்டு என்னும் மருத்துவரால் வேலூரில் வளர்ந்தது.

கொடைக்கானலில் ஓய்வு வாழ்க்கை நடத்திய ஐடா, 1960ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் தம் 89ஆம் வயதில் மறைந்தார். செய்தி கேட்டு வேலூர் நகரமே துயருற்றது.

இந்தியாவில் வாழ்வதில்லை என உறுதி பூண்ட ஒரு பெண், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தியர்க்கே அளித்தார். பிறர்மீது கொள்ளும் அன்பு அனைவருக்கும் பிறவியிலேயே முழுமையாக அமைந்துவிடுவதில்லை. அது பிறர் துயரைக் கண்டு விழித்தெழுகிறது. உதவுவதற்குரிய திறனைக் கற்பதால் வலிமை பெறுகிறது. அத்திறனைப் பிறருக்கும் கற்பிப்பதால் நிலைத்து வாழ்கிறது. திண்டிவனத்தில் இறந்த மூன்று பெண்களின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. ஆயினும் அவர்கள் பொருட்டு ஏற்றப்பட்ட விளக்கு இன்றும் ஒளிர்கிறது.

பயிற்சி

அ. பொருள் அறிக

பேறுகாலம் – குழந்தை பிறக்கும் காலம்
அயலார் – பிறர், அருகில் வாழ்வோர்
செவிலியர் – நோயாளியைப் பேணும் பணியாளர்
பிணி – நோய்
ஐயம் – சந்தேகம்

ஆ. விடை எழுதுக

1. சிறுமி ஐடா இந்தியாவில் வாழ விரும்பாமைக்குக் காரணங்கள் யாவை?
2. திறமை மிக்க மருத்துவர் ஊரில் இருந்தும் மூன்று பெண்கள் ஏன் இறந்தனர்?
3. மருத்துவமனை கட்டிய பின்னரும் ஐடா சாலையோரங்களுக்குச் சென்றது ஏன்?
4. ஆண் மாணவர்களைச் சேர்க்கும் முடிவை ஐடா ஏற்றதன் காரணத்தை விளக்குக.

இ. சிந்தித்து எழுதுக

நீங்கள் வாழும் பகுதியில், மொழி தெரியாமல் மருத்துவமனைக்கு வந்திருக்கும் ஒருவருக்கு நீங்கள் எவ்வகையில் உதவலாம்? பத்து வரிகளில் எழுதுக.