ஓடையின் நிறத்தைப் படித்த மருத்துவர்

எலியட் போர்ட்டர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்தவர். 1929ல் அங்கேயே மருத்துவப் பட்டமும் பெற்றார். பின்னர் உயிர்வேதியியல் ஆய்வாளராகவும் ஆசிரியராகவும் பணியாற்றினார். அந்த நல்ல வேலையை 37 வயதில் விட்டுவிட்டு, பறவைகளையும் காட்டு ஓடைகளையும் படம்பிடிக்கக் கிளம்பினார்.

படித்த படிப்பா, பிடித்த துறையா என்ற கேள்வி மாணவர்களிடையே எழும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவு வரும். படித்ததை உதறிவிட்டு இவர் கலைக்குப் போகவில்லை. அதைக் கையோடு கொண்டுபோனார்.

பறவையில் தொடங்கிய நிறம்

போர்ட்டர் 1901ல் அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு அருகில் பிறந்தார். சுமார் பத்து வயதில் கைக்கு வந்த கேமராவால் பறவைகளைப் படமெடுத்துப் பழகினார். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஆண்டுகளிலும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. நியூயார்க்கில் கலைக்கூடம் நடத்திய புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸிடம் தம் படங்களைப் பலமுறை கொண்டுபோய்க் காட்டினார். ஒவ்வொரு முறையும் இன்னும் உழைக்க வேண்டும் என்ற பதில்தான் கிடைத்தது. 1938 இறுதியில், ஸ்டீக்லிட்ஸ் அந்தப் படங்களைத் தம் கூடத்தில் காட்சிக்கு வைத்தார். அடுத்த ஆண்டே போர்ட்டர் பல்கலைக்கழக வேலையை விட்டார்.

அப்போது அவர் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். பறவைப் படங்களை நூலாக்க முயன்றபோது, நிறம் இல்லாமல் ஓர் இனத்தை இன்னோர் இனத்திலிருந்து பிரித்தறிய முடியாது என்று பதிப்பகத்தார் தயங்கினர். உடனே அவர் வண்ணப் படத்துக்கு மாறினார்.

இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வண்ணப் படம் விளம்பரத்துக்குத்தான் லாயக்கு, கலையென்றால் கறுப்பு வெள்ளைதான் என்று பலர் எண்ணிய காலம் அது. போர்ட்டருக்கோ நிறம் அலங்காரமாகப் படவில்லை. அது ஒரு தகவல்.

அச்சிடும் வேலையையும் அவர் பிறரிடம் விடவில்லை. ஒரு வண்ணப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே மூன்று நெகட்டிவ்களாகப் பிரிக்க வேண்டும். அவற்றிலிருந்து மூன்று அச்சுப்படலங்கள் செய்து, ஒவ்வொன்றாகச் சாயத்தில் ஊறவைத்து, ஒரே தாளில் இம்மியும் பிசகாமல் பொருத்தி அழுத்த வேண்டும். படித்த வேதியியல் அங்கே கைகொடுத்தது.

இலையுதிர் காலத்து ஓடை

நான்கு பருவமுள்ள நாடுகளில் பகல் குறுகிக் குளிர் ஏறும்போது, இலையில் உள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. மேப்பிள் போன்ற மரங்களில் சிவப்பு நிறமி புதிதாக உருவாகிறது. அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ ஹேம்ப்ஷியர் காடுகள் அக்டோபரில் இப்படித்தான் நிறம் மாறும்.

அங்கே 1953 அக்டோபர் 4ஆம் தேதி போர்ட்டர் எடுத்த ஓடைப் படம் மிகவும் புகழ்பெற்றது. அதில் வானமும் இல்லை, மலையும் இல்லை. ஓடை சற்றே தேங்கும் ஓர் இடம் மட்டுமே இருக்கிறது.

ஓடை நீருக்கென்று தனி நிறம் கிடையாது. நிழலில் கிடக்கும் நீர் வானத்தின் நீலத்தைக் காட்டும். எதிர்க்கரை மரங்களில் வெயில் பட்டால் அதே நீரில் பொன்னிறமும் நெளியும். ஆனால் ஓடையின் மேலேயே கடும் வெயில் விழுந்தால் வெளிச்சமும் இருளும் மோதி நிறங்கள் வெளிறிவிடும். அதனால் போர்ட்டர் மேகமூட்டத்தையும் நிழலையும் விரும்பினார். அன்றைய வண்ண ஃபிலிமுக்கு வெளிச்சம் அதிகம் தேவை. பெரிய கேமராவை முக்காலியில் நிறுத்தி, நீண்ட நேரம் ஒளியை உள்ளே விட வேண்டும். அதற்குள் காற்று வீசினால் இலை கலங்கித் தெரியும். ஆகவே காற்று அடங்கும்வரை அவர் காத்திருப்பார்.

ஒரு நூல் வென்றது, ஓர் ஆறு மூழ்கியது

இந்தப் பருவகாலப் படங்களை ஹென்றி டேவிட் தோரோவின் எழுத்தோடு இணைக்கலாம் என்ற யோசனையைத் தந்தவர் மனைவி அலீன். அச்சுச் செலவுக்கு அஞ்சிப் பதிப்பகங்கள் பல மறுத்தன. முடிவில் 1962ல் சியேரா கிளப் என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அதை வெளியிட்டது. விலை 25 டாலர், அன்று அது பெருந்தொகை. இருந்தும் நூல் நன்றாக விற்றது. காட்டைக் காக்க வேண்டும் என்ற வாதத்துக்கு வண்ணப் படமும் ஒரு சான்றானது.

அடுத்த நூலின் கதை வேறு. கொலராடோ ஆற்றின் கிளென் பள்ளத்தாக்கில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. வேறோர் இடத்தைக் காப்பாற்றும் சமரசத்தில், சியேரா கிளப்பே இந்த அணையை எதிர்க்காமல் விட்டிருந்தது. 1960 முதல் போர்ட்டர் பலமுறை படகில் போய்ப் பாறைச் சுவர்களையும் கிளை ஓடைகளையும் படமெடுத்தார். 1963 மார்ச்சில் அணையின் கதவுகள் மூடப்பட்டன. நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அவர் முக்காலி ஊன்றிய இடங்கள் ஒவ்வொன்றாக நீருக்கடியில் போயின.

அந்தப் படங்களால் கிளென் பள்ளத்தாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் எதை இழந்தோம் என்று மக்கள் கண்ணால் கண்டார்கள். கிராண்ட் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டத்துக்கு எதிரான போராட்டத்தில் அந்த இழப்பு ஒரு பாடமானது. அந்தத் திட்டம் 1968ல் கைவிடப்பட்டது.

நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அரும்பொருளகம் 1979ல் போர்ட்டரின் வண்ணப் படங்களுக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. ஒரே கலைஞரின் வண்ணப் புகைப்படங்களுக்கு அங்கு நடந்த முதல் கண்காட்சி அது. 1990ல் அவர் மறைந்தார்.

அவருடைய படங்களுக்குக் கவித்துவமான தலைப்புகள் பெரும்பாலும் இல்லை. என்ன காட்சி, எந்த இடம், எந்த நாள் என்பதே தலைப்பு, ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் எழுதுவதைப்போல. ஆறு மூழ்கிய பிறகு அந்தக் குறிப்புகளின் மதிப்பு தெரிந்தது. கைப்பேசியில் ஆற்றையோ மரத்தையோ படமெடுக்கும் மாணவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: இடத்தையும் நாளையும் எழுதி வையுங்கள்.